கல்லின் மேல் கால்

தலக்காட்டில் குழி தோண்டுவது மற்ற ஊர்களில் தோண்டுவது போல் இல்லை. பழைய ஊரே அங்கே மணலுக்கடியில் கிடக்கிறது. கங்கர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர். பிறகு சோழர்கள் வந்து பிடித்து, வேறு பெயர் வைத்தார்கள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். மணலிலிருந்து தோண்டி எடுத்த ஒரு கோயிலின் வாசலில் முன்பு சில நாள் படுத்துக் கிடந்தேன். அங்கிருந்த காவல்காரர் வருகிறவர்களிடம் இதையே ஓயாமல் சொல்வார். கேட்டுக் கேட்டு மனதில் நின்றுவிட்டது.

குண்டலுபேட்டையில் காய்கறி மூட்டை தூக்கி முதுகு போன பிறகு, மைசூரில் ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்திருந்தேன். அவர் அனுப்பித்தான் மறுபடி தலக்காடு வந்தேன். ஒரு கன்னட அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் கக்கூஸ் குழி. நான், ஹனூர்ப் பக்கத்துக்காரன் ஒருவன், அவன் மனைவி. அவன் உள்ளே தோண்டுவான், நாங்கள் இருவரும் வாளியில் மணலை மேலே இழுப்போம்.

மணலில் சுவர் சரியாமலிருக்க, வட்டமான சிமெண்ட் உறையை இறக்கிக்கொண்டேதான் தோண்ட வேண்டும். உறை ஏற்றிய வண்டி வரவில்லை. மேஸ்திரி போனில், "நீங்க தோண்டிட்டே இருங்கப்பா, வந்துரும்" என்றார். தோண்டினோம்.

ஆள் உயரத்தைத் தாண்டியதும் மண்வெட்டி கல்லில் இடித்தது. குழியின் பக்கச் சுவரிலிருந்து ஒரு பலகைக்கல் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கையால் துடைத்தான். வாளை ஓங்கிய ஒருவன், பக்கத்தில் மாடுகள். உடனே தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"அண்ணா, சாமி வந்திருக்குதுங்ணா."

அப்போதுதான் எதிர்ப்பக்கம் சரிந்தது. சத்தமே வரவில்லை. முழங்கால் வரை மணல். வாளிக் கயிற்றை வீசினேன், அக்குளுக்கடியில் கட்டிக்கொண்டான். நானும் அவளும் இழுத்ததில் கால்கள் வெளியே வந்தன. ஆனால் ஏறுவதற்காக அவன் சுவரை உதைக்கும்போதெல்லாம் மேலும் மணல் இறங்கியது. கால் ஊன்ற அந்தக் கல்லைத் தவிர வேறு இடமில்லை. வீட்டுக்கார அம்மா ஏணி கேட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டார்.

"கல்லு மேல காலை வைடா!"

"சாமிங்ணா. வெக்கமாட்டன்."

"சாமி இல்லடா, வீரக்கல்லு. மாட்டை மீட்கப் போய்ச் செத்த யாரோ ஒரு ஆளு. கங்கர் காலத்து ஆளு."

"செத்த ஆளா? அப்பச் சுத்தமா வெக்கமாட்டன். எங்கூர்ல இந்த மாதிரிக் கல்லுக்குத்தான் கெடா வெட்டறோம்."

கோயில் காவல்காரரிடம் கேட்டதைச் சொல்லி நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேன். கயிறு உள்ளங்கையை அறுத்தது. அவன் கணுக்கால் மறுபடி மறைந்தது.

என் முன்னால் கயிற்றைப் பிடித்திருந்த அவள் கத்தினாள்: "மாமா, வெய்யி! பாவம் என்னுது. சாமி கேட்டா என்னையக் கேக்கட்டும். கெடா நான் வெட்டறன்."

"நீ யாருடி அதைச் சொல்ல?"

"உள்ள நிக்கறது எம் புருசன். நான் சொல்லாம ஏணிக்குப் போன அந்தம்மாவா வந்து சொல்லும்?"

அவன் கல்லைப் பார்த்துக் கும்பிட்டான். அந்த நேரத்திலும் கும்பிட்டான். அதற்குள் ஒரு கால் புதைந்துவிட்டது. மற்றக் காலைத் தூக்கி, வாள் ஓங்கியவனின் நெஞ்சில் வைத்து உந்தினான். நாங்கள் பின்னால் சாய்ந்து, கிட்டத்தட்ட மல்லாந்து விழுந்து இழுத்தோம். வயிறு விளிம்பைத் தேய்க்க மேலே வந்து விழுந்தான். மூவரும் தவழ்ந்து விலகினோம். விளிம்பு உடைந்து உள்ளே போனது. எட்டிப் பார்த்தபோது கல் இருந்த இடம் தெரியவில்லை.

மேஸ்திரி போன் செய்தார். "உறை வந்துருச்சா?" நான் போனை அணைத்துவிட்டேன்.

அவள் அவன் முதுகைத் தடவப் போனாள். கையைத் தட்டிவிட்டான். மதியம் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் போட்ட சோற்றைத் தின்றான். பிறகு குழாயடியில் உட்கார்ந்து, கல்லில் வைத்த அந்தக் காலை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தான்.