தேநீர் தொடாத தலைவர்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நூல் வெளியீட்டு விழா எத்தனை மணிக்குத் தொடங்கும் என்பதை அழைப்பிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்புகிறவர் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். ஐந்து மணி என்று போட்டிருந்தால் ஆறு மணிக்கு ஒலிவாங்கி வரும். ஆட்கள் அதற்குப் பிறகு வருவார்கள். ஆய்வுரை செய்ய வந்தவர் "நேரம் போதாமையால் சுருக்கமாகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தால் எழுந்து ஓடிவிடுவது நல்லது. அதற்குப் பிறகுதான் அவர் தன் பள்ளிக்கூட நாட்களுக்குள்ளேயே நுழைவார். இப்படிப்பட்ட ஊரில் நான் நேரம் தவறாத தலைவர் என்று பெயரெடுத்தேன். அதற்குக் காரணம் என் புரொஸ்டேட்.

அந்தச் சுரப்பி வீங்கிவிட்டது என்பதைக் குடும்ப வைத்தியர்தான் முதலில் சொன்னார். நம்மவர், சின்ன வயது.

"வயது போக எல்லாருக்கும் வாறதுதான் அங்கிள். ஆனா உங்களுக்குத் தோடம்பழம் அளவுக்கு வந்திட்டுது."

பக்கத்தில் இருந்த என் மனைவி, "இவருக்கு எதிலயும் அளவு தெரியாது டொக்டர்" என்றாள்.

குளிசை மருந்துக்கு அது கேட்கவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, டேற் என்கிற திகதி வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். சலம் முட்டினால் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும், ஓடிப்போய் நின்றால் வராது, சரியென்று திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடியும் முட்டும். இது என்ன கோதாரி வருத்தம் என்று சுவரோடு பேசிக்கொண்டு நின்ற நேரங்கள் அதிகம்.

இதில் உண்மையாகத் தண்டனை அனுபவித்தவள் மனைவி. எங்கள் மகள் ஒட்டாவாவில் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது காரில் புறப்பட்டோம். பெருந்தெருவில் கண்ட கோப்பிக் கடையில் நிறுத்தினேன். சும்மா கழிப்பறைக்குப் போய்விட்டு வர வெட்கமாக இருந்ததால் ஒரு கோப்பி வாங்கினேன். அந்தக் கோப்பிக்காக அடுத்த கடையில் நிறுத்த வேண்டி வந்தது. அங்கேயும் ஒரு கோப்பி. இப்படியே போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. மறுநாள் மனைவி ஒரு தடவை பிள்ளையைத் தூக்கியதோடு சரி. இனி ஒப்பரேசன் முடியாமல் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீ பஸ்ஸில போயிட்டு வாவன்" என்றால், "நான் போனா நீங்கள் பயத்தில தண்ணியும் குடியாமல் செத்துப்போவியள்" என்பாள். ஆகவே பேத்தியைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்தாள். அம்மம்மா என்றால் தொலைபேசிதான் என்று நினைத்துப் பிள்ளை அதை எடுத்து நக்குகிறது என்று மகள் ஒருநாள் சொன்னாள். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் தலைவரானது காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை. எங்கள் சங்கத்தில் என் வேலை மண்டபத்தில் கதிரை அடுக்குவது. ஒரு விழாவன்று தலைமை தாங்க வேண்டியவர் மார்க்கம் நகரில் பனிக்குள் மாட்டிக்கொள்ள, கதிரை அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து நடுக்கதிரையில் இருத்திவிட்டார்கள். இரண்டாவது பேச்சாளர் அப்போதுதான் முன்னுரைக்கே முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முட்டியது. பல்லைக் கடித்துப் பார்த்தேன், ஊரிலுள்ள தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். முடியவில்லை. எழுந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"ஐயாவின் மிச்சக் கருத்துகளை நூலை வாங்கி வாசித்து அறிந்துகொள்வோம். மிக்க நன்றி."

மண்டபம் திகைத்துப்போய், பிறகு கைதட்டியது. கைதட்டல் முடியும்வரை நிற்க எனக்கு ஏது நேரம்? நான் திரும்பி வந்தபோது மற்றப் பேச்சாளர்கள் என்னைப் பயத்தோடு பார்த்தார்கள். அன்றைக்குத் தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் சூடு ஆறுமுன்னமே விழா முடிந்தது. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து இப்படியொன்றைக் கண்டதில்லை என்று ஆட்கள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எந்த விழாவென்றாலும் "அண்ணையைக் கூப்பிடுங்கோ" என்றாகிவிட்டது. நான் கதவுக்குப் பக்கத்துக் கதிரையைக் கேட்டால், பதவி ஆசை இல்லாத மனுசன் என்றார்கள். மேடையில் தேநீர் தந்தால் தொடமாட்டேன். அது கொள்கை என்றார்கள். அடக்க முடியாமல் என் முழங்கால் ஆடத் தொடங்கினால், பேசிக்கொண்டிருப்பவர் தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவார். முன்வரிசையில் இருக்கும் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

எனக்கு அது பிடித்திருந்தது. வேலை செய்த காலம் முழுவதும் தொழிற்சாலை இரைச்சலில் ஒருவரும் என் சொல்லைக் கேட்டதில்லை. இப்போது பேராசிரியர்கள் என் முழங்காலைப் பார்த்து நடுங்கினார்கள். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்தானே!

ஆண்டு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தி 'காலங்காத்த செம்மல்' என்று பட்டம் தரப்போவதாகச் சங்கச் செயலாளர் சொன்னார். தலைமையும் நானே. அந்த நினைப்பில் நான் மிதந்துகொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. யாரோ வரவில்லையாம், ஓர் இடம் இருக்கிறதாம், விழாவுக்கு முதல் நாள். அதை விட்டால் பனி கரைந்த பிறகுதான்.

நான் தொண்டையைச் செருமி, யோசித்துச் சொல்லட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனைவி தொலைபேசியைப் பறித்தாள்.

"யெஸ், யெஸ். ஹி வில் கம்."

வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என்ன யோசினை உங்களுக்கு? செம்மலோ? அங்க பிள்ளை நடக்கப்போகுது, நான் இன்னும் அவளை ரெண்டாந்தரம் தூக்கேல்லை. உங்களுக்குப் பொன்னாடை கேக்குதோ, பொன்னாடை?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கண் கலங்கினால் எனக்குத் தாங்காது, அன்று கலங்கியிருந்தது. "போவம்" என்றேன்.

செயலாளருக்குச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மனைவியே அழைத்தாள், நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள். செயலாளர் பதறிப்போனார்.

"ஐயோ அக்கா, அண்ணை இல்லாட்டி விழா விடிஞ்சாலும் முடியாது! எங்களோட ஏதும் கொள்கைப் பிரச்சினையோ?"

"ஒரு கொள்கையும் இல்லைத் தம்பி. அவருக்குப் புரொஸ்டேட் வீங்கிப்போச்சு. சலம் முட்டேக்கதான் அவர் கூட்டத்தை முடிக்கிறவர். இப்ப ஒப்பரேசன். இனிமேல் அவரும் உங்களைப்போலதான்."

நான் சோபாவிலிருந்த தலையணையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டேன். என் மானம் மரியாதை எல்லாம் எங்கள் வெக்ஸ்போர்ட்டிலிருந்து மார்க்கம் வரைக்கும் காற்றில் போவது எனக்குத் தெரிந்தது. கடைசியில் செயலாளர் மெல்லிய குரலில் கேட்டார்.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. உந்த வருத்தம் இருந்து, ஒப்பரேசனுக்கு இன்னும் டேற் கிடைக்காத ஆக்கள் வேற ஆரையும் தெரியுமோ?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தால் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தும் சிரித்தேன், ஓடவேண்டி வந்தது.

உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவள் அடுத்த அழைப்பை எடுப்பது கேட்டது. மகளுடன் பேசினாள்.

"பிள்ளை, கொப்பாவுக்கு டேற் வந்திட்டுது. சுகமானவுடன வாறம். ஓம், கார்லதான். வழியில ஒரு இடத்திலயும் நிக்கமாட்டம்."