தோல்முட்டையும் என் துடக்கும்

கோழி வளர்ப்பதைப் பற்றி யாராவது அன்பொழுகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முட்டை என்றால் இன்னும் மோசம். என் சாப்பாட்டுக் கோப்பையில் அவித்த முட்டை விழுந்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன். காரணம் கேட்டவர்களுக்கு வயிற்றுக்கு ஒத்துவராது என்று சொல்லியிருக்கிறேன். வயிற்றின் மேல் ஒரு பிழையும் இல்லை.

குளத்துக்குக் கீழே வயற்காணி கிடைத்ததால் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள் நாங்கள். ஐயா, அம்மா, நான், தம்பி. எங்களோடு ஐயாவின் தமக்கையும் வண்டியில் ஏறி வந்துவிட்டாள். புருசனை இழந்தவள், பிள்ளைகளும் இல்லை, பாவம் என்று ஊர் சொன்னது. பாவப்பட்டது நாங்கள்தான். குசினிச் சாவி மாமியின் இடுப்பில் இருந்தது. உலை வைக்க அரிசி வேண்டுமானால் அம்மா அவளிடம் போய் நிற்க வேண்டும். எனக்கு மாமியைக் கண்ணில் காட்டக்கூடாது, மாமிக்கு என்னைக் காட்டக்கூடாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒற்றுமை.

எனக்கு இருந்த ஒரே விடுதலை பள்ளிக்கூடம். குடியேற்றத்தில் இருந்தது சின்னப் பள்ளிக்கூடம். மேல் வகுப்புக்குப் புதுக்குடியிருப்புக்குத்தான் பஸ்ஸில் போக வேண்டும். எங்கள் பக்கத்திலிருந்து அந்த பஸ்ஸில் ஏறிய பெட்டை நான் ஒருத்திதான். படித்து ஒரு உத்தியோகம் எடுத்தால் எந்தச் சாவியும் எவளின் இடுப்பிலும் தொங்காத ஒரு வீட்டில் இருக்கலாம் என்பது என் கணக்கு. அது பெரிய இலட்சியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் நான் பெரியபிள்ளையானேன். வளவின் ஓரத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், தென்னோலைக் கிடுகால் ஒரு குடில் மறைத்து என்னை அதற்குள் இருத்தினார்கள். சடங்கு முடியும் வரை துடக்கு, அதாவது தீட்டு; ஆண்முகம் பார்க்கக்கூடாது. ஐயாவின் குரல் கேட்கும், முகம் தெரியாது. நான் ஐயாவுக்குச் சொல்ல நினைப்பதும் ஐயா எனக்குச் சொல்வதும் மாமியின் வாய்வழியாகத்தான் போய் வந்தன. அந்த வாய்க்குள் போன எதுவும் போனபடி வெளியே வந்ததில்லை.

விடியப்புறம் மாமி ஒரு பச்சை முட்டையோடு வருவாள். அதன் தலையில் ஓட்டை போட்டு என் வாயில் ஊற்றுவாள். பிறகு அதே வெற்று முட்டைக் கோதில் நல்லெண்ணெயை நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். எங்கள் ஆட்களிடம் எண்ணெய்க்கு அதுதான் அளவு. முட்டை தந்த கோழியே அளவுப் பாத்திரத்தையும் தந்துவிடுகிறது. இடுப்பு பலக்குமாம். குமட்டிக்கொண்டு வரும். துப்பினால் இன்னொன்று என்று சொல்லிக்கொண்டு மாமி எதிரில் குந்தியிருப்பாள். அவளுக்கு அந்த நேரம் மிகவும் பிடித்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கிடையில் சடங்குக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள், சுவர் இப்படி வெறும் மண்ணாகக் கிடந்தால் மானம் போகும் என்று மாமி ஐயாவைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள். கிணற்றடியில் சிப்பிக் குவியல் ஒன்று கிடந்தது. சுண்ணாம்பு சுடுவதற்கென்று ஐயா எப்போதோ நாயாற்றுப் பக்கமிருந்து வண்டியில் ஏற்றி வந்து கொட்டியது. எங்கள் கோழிகளுக்கு அதுதான் சந்தை, அதுதான் கோயில். பகல் முழுக்க அதைக் கிளறிக்கொண்டு நிற்கும். ஐயா அதை ஒரு ஓடு மிச்சமில்லாமல் சுட்டு, நீற்றி, வீட்டுக்கு வெள்ளை அடித்தார். குடிலின் கிடுகு இடுக்கால் பார்த்தால் வீடு கண்ணைக் கூசியது.

கொஞ்ச நாளில் முதல் தோல்முட்டை வந்தது. மாமி கூட்டுக்குள் கையை விட்டவள் தீயைத் தொட்டது போல் இழுத்துக்கொண்டாள். கோது இல்லை. வெளிறிய ஒரு தோலுக்குள் முட்டை தளதளத்தது. அடுத்த நாளும் அப்படியே. இன்னொரு கோழியும் அப்படியே. மாமி அதைக் குத்தி என் வாய்க்குள் பிதுக்கினாள். எண்ணெய் அளக்கக் கோது இல்லையே என்று நான் கொஞ்சம் சந்தோசப்பட்டேன். அவள் உள்ளே போய் மூக்குப்பேணியை எடுத்து வந்தாள். தண்ணீர் குடிக்கிற பேணி. அதில் பாதிக்கு எண்ணெய்.

"கோது இல்லையெண்டா அளவும் இல்லை. குடி," என்றாள்.

அன்று பின்னேரமே தீர்ப்பும் வந்தது. ஐயாவுக்குச் சொல்வது போல், எனக்குக் கேட்கட்டும் என்று குடிலுக்கு முன்னால் நின்று சொன்னாள்.

"இது கோழியின்ர குற்றமில்லை, தம்பி. இவளின்ர துடக்கு நிழல் கூட்டில விழுந்திட்டுது. பொல்லாத துடக்கு. இப்பிடிப்பட்டவளை பஸ்ஸில ஏத்தி ஊர் ஊரா அனுப்பினா அந்தப் பழி ஆருக்கு? இனிப் பள்ளிக்கூடக் கதையே வேண்டாம்."

ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போகும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கிடுகைப் பிய்த்தேன். சாப்பாட்டைக் கூட்டுக்குள் கொட்டினேன். அழுதேன் என்று எழுதினால் மாமி செத்த இடத்திலிருந்து சிரிப்பாள், இருந்தாலும் அழுதேன்தான்.

குடிலுக்குள் இருந்தவளுக்குப் பார்ப்பதற்குக் கோழிகளை விட்டால் என்ன இருக்கிறது? அவை புதிதாக ஒரு வேலை பழகியிருந்தன. வெயில் சரிந்ததும் வரிசையாகப் போய் வெள்ளை அடித்த சுவரின் அடியைக் கொத்தும். மாமி விளக்குமாற்றோடு ஓடி வருவாள், அவை சிதறும், அவள் திரும்பியதும் மறுபடி வந்து கொத்தும். சுவரடியில் சுண்ணாம்பு உரிந்து மண் தெரியத் தொடங்கியது. கிணற்றடியில் அவை தின்றுகொண்டிருந்ததைத்தான் இப்போது சுவரில் தேடுகின்றன என்று எனக்கு விளங்கியது. நான் வாயைக் கட்டி வைத்திருக்கலாம். அந்தப் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

"மாமி, சிப்பி இல்லாமத்தான் கோழியள் தோல்முட்டை போடுது. எல்லாத்தையும் சுட்டுச் சுவருக்குப் பூசச் சொன்னது நீங்கள்தானே," என்றேன்.

"முட்டை கோழிக்குள்ளயிருந்து வருதோ சிப்பிக்குள்ளயிருந்து வருதோ? துடக்கோட இருக்கிறவ வாயைப் பொத்திக்கொண்டு இரு."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாமிக்குப் பயந்தவள்; மச்சாள் என்று கூப்பிடும்போதே குரல் பாதியாகிவிடும். ஆனால் அந்த முறை அவள் கேட்டுக்கொண்டாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாடு கொண்டு வரும் வேதக்கார மனிசியிடம் சொல்லி ஒரு சின்னப் பை சிப்பி எடுப்பித்தாள். அதை எனக்குத் தந்து, "சத்தம் கேக்காமல் இடி, பிள்ளை," என்றாள். நான் துணியில் சுற்றிக் கல்லால் இடித்தேன். அம்மா அதைத் தவிட்டில் கலந்து கோழிகளுக்கு வைத்தாள். எனக்கு என் வாழ்க்கையில் அம்மாவின் மேல் அவ்வளவு பாசம் வந்தது கிடையாது. அவளும் நானும் சேர்ந்து அந்தச் சிப்பிக்குள்ளிருந்து என் பள்ளிக்கூடத்தை இடித்து எடுக்கிறோம் என்று நினைத்தேன்.

முட்டை இறுகியது. மாமி அதைச் சுவரில் தட்டிப் பார்த்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதற்குள் அவள் கூட்டில் வேப்பிலை கட்டி அம்மாளாச்சிக்கு நேர்த்தி வேறு வைத்திருந்தாளாம்.

"பாத்தியே தம்பி? பெட்டையைப் பள்ளிக்கு விடமாட்டம் எண்டு நான் வாக்குக் குடுத்தன். உடன கோது வந்திட்டுது."

குருடி வீட்டுக்கு விளக்கேற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட கதைதான். நான் இடித்த சிப்பி என் தலையில் வந்து விழுந்தது.

சடங்கு நடந்தது. தண்ணீர் வார்த்தார்கள், சேலை உடுத்தினார்கள், சொந்தக்காரர் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். துடக்குக் கழிந்துவிட்டது, நான் வீட்டுக்குள் வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால், "மாமியைக் கேள்," என்றார் ஐயா. நான் மாமியைக் கேட்கவில்லை. கோழிக்குச் சாப்பாடு வைக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சிப்பியை நிறுத்தினேன். மிச்சம் இருந்ததை மண்ணில் புதைத்தேன். கோழிகள் கொத்தாதிருக்கச் சுவரடியில் முள்ளுக் கொப்புகளை மாமி ஏற்கெனவே அடுக்கியிருந்தாள், அதுவும் வசதியாகப் போயிற்று. பிறகு காத்திருந்தேன்.

முட்டை மறுபடி தோலானது. எல்லாரும் இருக்கும் நேரம் பார்த்து, காலையில் ஐயா குசினி வாசலில் குந்தித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, அதைக் கொண்டு போய் மாமியின் கையில் வைத்தேன். அது அவள் உள்ளங்கையில் அமுங்கிக் கிடந்தது.

"எனக்குத் துடக்குக் கழிஞ்சிட்டுது மாமி. வாக்கும் குடுத்துப் போட்டியள். இப்ப ஆரின்ர துடக்கு?"

மாமி முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த வாய் அடைத்து நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். ஐயாவின் பக்கம் திரும்பி, "சிப்பி போட்டா முட்டை இறுகும், போடாட்டி இறுகாது. போட்டும் பாத்தன், போடாமலும் பாத்தன். நான் திங்கக்கிழமை பள்ளிக்குப் போறன், ஐயா," என்றேன்.

ஐயா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பேணியை அலம்பிக் கவிழ்த்து வைத்தார்.

"முட்டைக்கும் இதுக்கும் என்ன? நீ பெரியபிள்ளையான கிழமையே பள்ளிக்குப் போய் உன்ர பேரை வெட்டிப்போட்டு வந்திட்டன். மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணி மாற ஆள் வேணும். படிக்கிறதுக்குத் தம்பி இருக்கிறான்."

அந்தக் கிழமையில் எங்கள் வீட்டில் ஒரு தோல்முட்டை கூட வந்திருக்கவில்லை. சிப்பிக் குவியல் கிணற்றடியில் அப்படியே கிடந்தது.

"அதை ஏன் இப்ப சொல்லுறாய்?" என்று மாமி ஐயாவைக் கடிந்தாள். அவளுக்கு முதலே தெரியும். தன் தம்பியான ஐயாவின் மேல் பழி வரக்கூடாது என்று தோல்முட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள். அதற்காக அவளை நான் மதிக்கத் தொடங்கினேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மூக்குப்பேணியில் எண்ணெய் வார்க்கச் சொல்லி ஐயா கேட்கவில்லை. அது அவளின் சொந்தச் சரக்கு.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் ஏதாவது கேட்பாள், குறைந்தது திடுக்கிடுவாள் என்று பார்த்தேன். அம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அம்மா, உங்களுக்கும் தெரியுமோ?"

"நீ அழுதுகொண்டே இருந்தனி, பிள்ளை. கைக்கு ஒரு வேலை இருந்தா மனம் ஆறும் எண்டுதான் சிப்பி எடுப்பிச்சனான்," என்றாள்.

ஐயாவோடு பிறகு பேசினேன், வருடங்கள் போக அவரும் தளர்ந்தார். மாமி படுக்கையில் கிடந்தபோது சோறு ஊட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். அம்மாவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எதிரி அடித்தது ஆறிவிட்டது, அவள் என் கையில் தந்த சிப்பி ஆறவில்லை.

ஐயா அதைச் சொன்னதற்கு அடுத்த நாள் கருவாட்டுக்கார மனிசி இன்னொரு பை சிப்பியோடு வந்தாள். அம்மா அதை வாங்கி என் முன்னால் வைத்தாள். இனி யாருக்கும் மறைக்கத் தேவையில்லை என்பதால் உலக்கையும் கொண்டு வந்து தந்தாள். நான் இடித்துக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூட பஸ் குளக்கட்டால் போனது.