லட்டுவின் பின்னங்காலும் என் வாயும்

நாய்க்குட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் அதன் காலில் ஏற்கெனவே கோளாறு இருந்தது என்று எழுதிய இன்ஷூரன்ஸ் கம்பெனி மகராசரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. கடிதத்தின் அடியில் 'கணினியில் உருவானது, கையெழுத்துத் தேவையில்லை' என்று போட்டுத் தப்பித்துவிட்டீர்கள். நான் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கிறவள். சேலையூர் கேம்ப் ரோட்டில் நாய்த்தீனிக் கடை. கூடவே நாய்க்குட்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுத் தருகிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, அடுத்தவர் கடையில் கூண்டு கழுவி, பேரம் பேசியே முன்னுக்கு வந்தவள். இந்தத் தொழிலில் நாய் கடிப்பதில்லை, படிவம்தான் கடிக்கிறது. கடிபட்ட ஜனங்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் கிராக்கி

பாலிசிக்கு வந்த முதல் கிராக்கி தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர். காக்கிச் சட்டைக்குள் ஒரு குட்டியைச் செருகிக்கொண்டு வந்து, "இன்னிக்கே போட்டுடுக்கா" என்றார். குட்டி நாலு மூச்சுக்கு ஒரு தரம் கொக் கொக்கென்று இருமியது. பாலிசி எடுப்பதற்கு முன்னால் வந்த நோய்க்குக் கம்பெனி பணம் தராது, டாக்டரிடம் காட்டிக் குணமாக்கிக்கொண்டு வா என்றேன். "இல்லைன்னு டிக் அடி, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "என் கையெழுத்துய்யா அது. உன் மீட்டர் மாதிரி இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது!" என்று கத்தினேன். கத்தலில் பயந்து குட்டி இன்னும் பலமாக இருமியது. அவர் அதன் முதுகைத் தடவியபடி சொன்னார்: "இன்னாக்கா நீ, அது இருமல் இல்ல, கொரைக்கக் கத்துக்கினு கீது."

மிச்சம் என்ன?

அடுத்து வந்த ஐ.டி. கம்பெனித் தம்பி நேர் எதிர். எதையும் மறைக்க மாட்டார். குட்டி தும்மினால் டாக்டரிடம் ஓடுவார், காதைச் சொறிந்தால் ஓடுவார், ஒரு வேளை தட்டை நக்காமல் விட்டால் ஓடுவார். எங்கள் டாக்டரம்மாவும் அவர் சொல்லச் சொல்லத் தடுப்பூசிப் புத்தகத்தில் 'காது?', 'வயிறு?', 'தோல்?', 'கண்?' என்று கேள்விக்குறி போட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஒன்றுகூட நோயாக வரவில்லை. ஆனால் புத்தகத்தைப் படித்த கம்பெனி, கேள்விக்குறியை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் பொறுக்கி எடுத்தது. காது, வயிறு, தோல், கண் எல்லாம் விலக்குப் பட்டியலில் போயின. இவற்றில் எது வந்தாலும் பணம் கிடையாது என்று அர்த்தம். தம்பி பாலிசியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அப்போ மேடம், வாலுக்கு மட்டும்தான் இன்ஷூரன்ஸா?"

வண்டலூர் பேரம்

காகிதத்தில் ஏறிய வார்த்தை நோயாகிவிடும் என்று அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பள்ளிக்கரணையில் தனியாக இருக்கும் கமலா டீச்சர், ரிட்டயர் ஆனவர், தெரு நாய்களுக்கு என் கடையில் பிஸ்கட் வாங்குகிறவர், ஒரு குட்டி வேண்டும் என்றார். "விலை பேச எனக்கு வராது. நீ வாம்மா ஸ்டெல்லா." வண்டலூரில் ஒருவர் வீட்டுக்குப் போனோம். வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு ஸ்பிட்ஸ் குட்டி கூடம் முழுக்கத் துள்ளிக்கொண்டிருந்தது. கத்தரிக்காயானாலும் பழைய பீரோவானாலும் பேரத்துக்கு நான் அறிந்த வழி ஒன்றுதான்: குறை சொல்வது. "பின்னங்கால் சப்பையா இருக்கே, நொண்டுதோ?" என்றேன். "நொண்டுதா? ஓடுதுக்கா அது!" "அது முன்னங்கால் தெம்புல ஓடுது. பின்னங்கால் அவுட்டு." டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். விலை பாதியானது.

அந்த ஆள் கடுப்பில் கிறுக்கித் தந்த பில்லைப் படிக்காமல் பைக்குள் வைத்தேன். ஜெயித்த மிதப்பு. அதையே என் கையால் படம் எடுத்துப் பாலிசி விண்ணப்பத்தோடு அனுப்பினேன். 'பின்னங்கால் கோளாறு, தெரிந்தே வாங்கினார், அதனால் விலை குறைவு' என்று அதில் இருந்தது. பிரீமியம் வாங்கும்போது யாரும் படிக்காத அந்த வரியை, மூன்று மாதம் கழித்து கம்பெனி படித்துக் காட்டியபோதுதான் நானும் படித்தேன். வண்டலூர்க்காரரை ஃபோனில் கிழி கிழியென்று கிழித்தேன். அவர் அசையவில்லை: "நீங்க சொன்னதைத்தானேக்கா எழுதினேன், நானா டாக்டரு?"

எக்ஸ்ரே

நடந்தது இதுதான். டீச்சர் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்த கார் ஒன்று லட்டுவின் இடது பின்னங்காலில் ஏறி இறங்கியது. லட்டு, அந்தக் குட்டிதான். அது கத்தியது ஃபோன் வழியாக என் கடை வரைக்கும் கேட்டது. எலும்பு இரண்டாகக் கிடப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. புது முறிவு, பழைய கோளாறு எதுவும் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். குட்டி எலும்பு சீக்கிரம் ஒட்டும், கோணலாக ஒட்டினால் ஆயுசுக்கும் நொண்டும், இந்த வாரத்துக்குள் பிளேட் வைத்தாக வேண்டும் என்றார். அந்த வாரத்தில்தான் மகராசரே, பணம் கிடையாது என்று உங்கள் கடிதம் வந்தது. எக்ஸ்ரேயை அனுப்பி, மறுபடி பாருங்கள் என்று ஃபோன் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குரல், அதே வாசகம்: "ரிவ்யூல இருக்கு மேடம்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கென்ன கருநாக்கா? பொய்யாகச் சொன்ன அதே கால்தானே உடைந்திருக்கிறது? ஆபரேஷன் செலவை நானே தருகிறேன் என்று டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார். மறுவாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு எடுத்து வைத்திருந்த பணத்தை அன்று காலையிலேயே லட்டுவின் காலுக்காக டாக்டரம்மாவிடம் கட்டிவிட்டு வந்திருந்தார். நான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. டீச்சர் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தார்: "விடும்மா ஸ்டெல்லா, என் கண்ணு காத்திருக்கும், அதோட காலு காத்திருக்காது."

இப்போது

பிளேட் வைத்தாயிற்று. லட்டு மூன்று காலில் என் கடைக்குள் வந்து, நாலாவதைத் தரையில் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. டீச்சர் பிஸ்கட் பாக்கெட்டை மூக்கு வரைக்கும் தூக்கித் தேதி பார்க்கிறார். போன வாரம் கடைப்படி தெரியாமல் தடுமாறினார்; நான் கையைப் பிடித்துவிட்டேன். நான் பிடிக்க முடியாத இடத்தில் தடுமாறினால் என்ன ஆகும்? ஆகவே, கையெழுத்தில்லாத மகராசரே, லட்டுவுக்கு ஏற்கெனவே இருந்த ஒரே கோளாறு என் வாய்தான், அதை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, டீச்சர் கண் முழுசாக மங்குவதற்குள் உங்கள் கடிதத்தில் அந்த வரியை அடித்து, பணம் உண்டு என்று திருத்தி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.