சும்மா படுத்திருந்த நாற்பது பேர்

கேரத்தாரோ நகர ஆய்வுக்கூடத்தில் மூளை ஸ்கேனரை இயக்குபவர் ரெஃபுகியோ அம்மா; எல்லோரும் மரியாதையாகத் ‘தோன்யா’ என்பார்கள். பட்டம் இல்லாதவர், பதினெட்டு வருடங்களில் புள்ளியியலைத் தானே கற்றார். எந்தக் கணக்கு முறையையும் ஒரே வழியில் சோதிப்பார். எதுவும் செய்யாமல் படுத்திருந்த நாற்பது பேரின் மூளைப் படங்களுக்கு குடிகாரன், சேவல் என்று படம் போட்ட லொத்தேரியா விளையாட்டுச் சீட்டை ஆளுக்கொன்றாக வைத்து, குலுக்கி, இரண்டு அணியாகப் பிரிப்பார். எல்லோரும் சும்மா படுத்திருந்தவர்கள்தான்; முறை சரியென்றால் அணிகளுக்கிடையே வித்தியாசம் தெரியக் கூடாது.

வலி தாங்குபவர்களின் மூளையில் ஓர் இடம் கூடுதலாக ஒளிர்கிறது என்று டாக்டர் சமாரிபா கட்டுரை எழுதியிருந்தார். அன்று மாலை அதை இதழுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய கணக்கு முறையில் ரெஃபுகியோ மூன்று வாரமாக நூறு தடவை குலுக்கிப் பார்த்திருந்தார். ஐந்து தடவை தவறாக ஒளிர்ந்தால் பொறுக்கலாம். முப்பத்தொரு தடவை ஒளிர்ந்தது.

“சீட்டாடவா உங்களுக்குச் சம்பளம், தோன்யா?” என்றார் டாக்டர்.

“நீங்களே குலுக்குங்க. குடிகாரன் சீட்டு மட்டும் என் பக்கம் வேணாம்.”

டாக்டரின் முதல் குலுக்கலில் திரையில் எதுவும் ஒளிரவில்லை.

“பாத்தீங்களா?”

“இன்னொண்ணு போடுங்க டாக்டர்.”

மூன்றாவது குலுக்கலில் திரையில் ஓர் இடம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“கணக்கை இன்னும் கறாரா வெச்சா என்னோட முடிவு மிஞ்சுமா?”

“தெரியாது. எல்லாக் கணக்கையும் முதல்ல இருந்து போடணும்.”

அன்று மாலை கட்டுரை போகவில்லை.