இரும்புலியூர் போர்ச்சுகல்

ஹனீஃபாவுக்குக் கால்பந்தில் பெயர் வாங்கும் ராசி கிடையாது. கோல் அடிக்கிறவனுக்குத்தானே பெயர்! இவன் நடுவில் ஆடுகிறவன். பின்னால் இருப்பவனிடம் பந்தை வாங்கி முன்னால் ஓடுகிறவனிடம் கொடுப்பான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவனை யார் பார்க்கிறார்கள்? சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அவனுக்கு ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. ஜன்னலுக்கு, படத்துக்கு, அலுமினியக் கதவுக்குக் கண்ணாடி போடுவான். கடையை மூடினால் மைதானம். அங்கே அவன் கொடுக்கிற பந்தை வாங்கி ஓடுகிறவன் எப்போதும் குமரவேல். குமரவேல் வீட்டில் ஒரு காலத்தில் நெல் போட்டவர்கள்; நிலமெல்லாம் மனையானபின் மினி லாரி வாங்கி மணலும் செங்கல்லும் ஓட்டினார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இடது ஓரமாக ஓடும்போது குமரவேல் "ஹோய்!" என்று ஒரு சத்தம் போடுவான். அதைக் கேட்டால் ஹனீஃபா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். பந்து தானாகப் போய்ச் சேரும்.

இரண்டாயிரமாவது ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை டிவியில் பார்த்துப் பார்த்து இருவருக்கும் போர்ச்சுகல் பித்துப் பிடித்தது. அந்த டீமின் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவனின் படத்தைக் குமரவேல் பத்திரிகையிலிருந்து வெட்டிக்கொண்டுவந்து கடைச் சுவரில் ஒட்டினான். ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்சிலோனா கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த அந்த மனிதன் பரம வைரியான மாட்ரிட் டீமுக்கு மாறிவிட்டான் என்று செய்தி வந்தது. குமரவேல் லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்து படத்தைப் பிய்த்தான்.

"சோறு போட்ட ஊர வுட்டுட்டு எதிரியாண்ட போறான் பாரு மச்சான். இவன்லாம் இன்னா மன்சன்?"

"அது அவன் பொழப்புடா. கூப்ட்டாங்க, போறான்."

"நீ போவியா?"

"நான் எங்கடா போகப் போறேன்?" என்று சிரித்தான் ஹனீஃபா. எந்த நேரத்தில் அந்த வாயைத் திறந்தானோ!

இரண்டு வருஷம் கழித்து அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ஜஹீரா, பீர்க்கன்கரணை. இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் காயல்பட்டினம். அந்த ஊர் வழக்கப்படி நிக்காஹ் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். தாம்பரம் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆனாலும் அவர்கள் அதை விடவில்லை. ஹனீஃபாவின் வாப்பாவும் அப்படி வந்தவர்தான். ஆகையால் யாருக்கும் இதில் புதுமை தெரியவில்லை. கல்யாணத்தில் குமரவேல் பிரியாணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினான்.

வினை மே மாதத்தில் வந்தது. இரும்புலியூரும் பீர்க்கன்கரணையும் பக்கத்துப் பக்கத்து ஊர். வருஷம் முழுக்கக் கொடுக்கல் வாங்கல், கல்யாணம், காதுகுத்து. கோடைப் போட்டி வந்தால் மட்டும் பாகம் பிரிக்க உட்கார்ந்த பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் மழை பொய்த்துப் பீர்க்கன்கரணை ஏரி வெடித்துக் கிடந்தது. ஏரிக்குள்ளேயே கம்பம் நட்டுப் போட்டி வைத்தார்கள். அந்தந்த ஊர்க்காரன் அந்தந்த ஊருக்குத்தான் ஆடலாம் என்பது சட்டம். ஹனீஃபா எந்த ஊர்? போட்டி நடத்துகிற பெரியவர் சம்பந்தம் தலையைச் சொறிந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"நைட்டு எங்க தூங்குறானோ அதாம்பா அவன் ஊரு."

எல்லோரும் சிரித்தார்கள். குமரவேல் சிரிக்கவில்லை. பீர்க்கன்கரணை டீமின் கேப்டன் யார் தெரியுமா? ஜஹீராவின் தம்பி ஜைத். "மச்சான், நீங்க நடுவுல நின்னா போதும், கோப்பை நமக்குத்தான்" என்று அவன் சாப்பாட்டு நேரத்தில் உம்மாவையும் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டான். மாமியார் மீன் துண்டைத் தட்டில் வைத்தபடி, "பிள்ள ஆசையா கேக்குறான் மாப்ள" என்றார். ஹனீஃபா தலையை ஆட்டிவைத்தான்.

குமரவேல் கடைக்கு வந்தான்.

"எங்களுக்கு ஆட முடியாது, செரி. ஆடாமயாவது இரேன்டா."

"அந்த வூட்ல அவங்க வாயத் தொறந்து கேட்ட மொத காரியம்டா இது. எப்டி மாட்டேன்றது?"

"போடா போர்ச்சுகல்!" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அதன்பின் பேச்சு நின்றது. அந்தப் பெயர் மட்டும் நிற்கவில்லை, ரோடெல்லாம் ஓடியது. டீக்கடையில் போர்ச்சுகல், சலூனில் போர்ச்சுகல். ஹனீஃபாவுக்கு அதுகூட வலிக்கவில்லை. கடையைத் தாண்டும்போது தினமும் ஹாரன் அடித்துவிட்டுப் போகும் மினி லாரி இப்போது ஊமையாகப் போனதே, அதுதான் வலித்தது. இவன் என்னோடு இனிமேல் பேசாமலே போய்விட்டால்? அந்த நினைப்பில் கண்ணாடியைக்கூட இரண்டு முறை கோணலாக அறுத்தான்.

"நீங்களே போய்ப் பேசுங்களேன்" என்றாள் ஜஹீரா.

"அவன் மூஞ்சியத் திருப்பிக்கினா தாங்க மாட்டேன் ஜஹீரா."

எது நடக்கக்கூடாதோ அது நடந்தது. கடைசி ஆட்டத்தில் பீர்க்கன்கரணையும் இரும்புலியூரும் மோதின. ஏரிக்கரை முழுக்க ஜனம். மாமியார் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் போல எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஹனீஃபா நடுவில் நின்று பந்தை வாங்குவதும் கொடுப்பதுமாக இருந்தான். அப்புறம் புழுதிக்குள்ளிருந்து ஒரு பந்து அவன் காலுக்கு வந்தது. அதே நேரம் இடது பக்கம் "ஹோய்!" என்று சத்தம். கால் யோசிக்குமா? அத்தனை வருஷப் பழக்கம். நிமிர்ந்து பாராமல் தட்டிவிட்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! பந்து அழகாக உருண்டு குமரவேலின் காலில் போய் உட்கார்ந்தது. குமரவேலும் யோசிக்கவில்லை. அடித்தான். கோல்.

கரையில் ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கூச்சல் கிளம்பியது.

"வித்துட்டான்யா! மேட்ச வித்துட்டான்!"

"உண்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்றான் பாரு!"

ஜைத் ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். "மச்சான், உண்மையச் சொல்லுங்க. வேணும்னேதான கொடுத்தீங்க?" ஹனீஃபா கரையைப் பார்த்தான். மாமியார் குடையை மடக்கிவிட்டு எழுந்து நின்றார். வீட்டு மாப்பிள்ளையை ஊரே திருடன் என்று ஏசுகிறது. அவர் எங்கே பார்ப்பார்? தரையைப் பார்த்தார். பூமி பிளந்து விழுங்கினால் நல்லது என்றிருந்தது ஹனீஃபாவுக்கு.

கோல் அடித்த குமரவேலை அவன் ஆட்கள் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவன் உதறிக்கொண்டு ஜைத்தின் கை இருந்த சட்டையையே பார்த்தபடி நின்றான்.

இடைவேளைக்குப் பின் ஹனீஃபாவுக்குப் பந்தைக் கண்டாலே பயமாகிவிட்டது. யாரும் அவனுக்குக் கொடுக்கவுமில்லை. ஆட்டம் முடியப்போகிற நேரம், எங்கேயோ மோதி எகிறிய பந்து தானாக அவன் காலடியில் விழுந்தது. கரை மொத்தமும் "போர்ச்சுகல், போர்ச்சுகல்" என்று கத்தியது. யாருக்குக் கொடுப்பது? பந்தைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றான். பந்தைப் பறிக்க எதிரே வந்தவன் குமரவேல். இரண்டடி தூரத்தில் அவனும் நின்றான். நின்று, ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"மச்சான்! எனக்கு இல்லடா! சோத்தாங்கை பக்கம் ஜைத் தனியா நிக்கிறான், போடு!"

எதிராளி சொன்னதை நம்பி எந்த மடையனாவது பந்தைக் கொடுப்பானா? ஹனீஃபா கொடுத்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஜைத் அங்கேதான் நின்றிருந்தான். காவல் காக்க ஒரு ஆள் இல்லை. அடித்தான், வலை ஆடியது. அடித்த வேகத்தில் நேராக ஓடிவந்து ஹனீஃபாவைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மச்சான்" என்று அழுதுவிட்டான். மாமியார் குடையை மறுபடி விரித்தார்.

ஆளுக்கொரு கோல். டைபிரேக்கரில் இரும்புலியூர் தோற்றது. தோற்றவர்கள் சும்மா விடுவார்களா? குமரவேலைச் சுற்றிக்கொண்டு கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

"பறிக்க வேண்டிய பந்துக்கு வழி காட்றியே, நீ எந்த ஊருடா?"

"அவன் சட்டையப் புடிச்சாங்கல்ல" என்றான் குமரவேல். "ஹோய்னு கத்துனது நான்தான? பழக்கத்துல நானும்தான கத்திட்டேன்? அவன் மட்டும் இன்னாத்துக்குத் திட்டு வாங்கணும்?"

அன்றோடு ஹனீஃபாவை யாரும் போர்ச்சுகல் என்று கூப்பிடவில்லை. பெயர் ரோடு மாறி குமரவேலிடம் போய்விட்டது.

மறுநாள் காலை கடை வாசலில் மினி லாரியின் ஹாரன் நீளமாகக் கேட்டது. ஹனீஃபா கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினான். குமரவேல் இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் நீவி வைத்தான். பிய்த்தெறிந்தான் என்று எல்லோரும் நினைத்த அதே படம். நடுவில் ஒரு கிழிசல், அதன்மேல் செலோ டேப்.

"கண்ணாடி போட்டுக் குடு மச்சான்" என்றான். "பேரு எனக்கு வந்துடுச்சு. என் வூட்டுலதான மாட்டணும்?"