நீளச் சிலுவார் போட்ட நாட்கள்

மணியை நேரத்துக்கு முந்தி அடித்தது நீங்கள்தான், தண்டல்.

போன வாரம் ஈப்போ சிலிபின் கோயில் மண்டபத்தில், நேரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது எப்படி என்று பெண்களுக்குப் பேசினீர்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். கை தட்டவில்லை. கோபம்கூட வரவில்லை. உள்ளே ஒன்றும் அசையவில்லை.

எனக்கு நேரம் பிரிக்கத் தெரியும். எழுபதுகளில், கோப்பெங் பக்கம் ரப்பர் தோட்டத்தில், வேலை வாங்கும் தண்டலான உங்களுக்குக் கீழே பாலுக்கு மரம் வெட்டியபோது நான் கைப்பிள்ளைக்காரி. சோற்றை வடித்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, இருட்டோடு பெரட்டுக்கு வருவேன். நீங்கள் பேர் கூப்பிட்டதும் காட்டுக்கு ஓடுவேன். மற்றவர்கள் நடந்து வெட்டினார்கள், நான் ஓடி வெட்டினேன். பசியாற உட்கார்ந்ததில்லை. வெட்டி முடித்தால், மரத்தில் கட்டிய மங்கில் ரப்பர் பால் சொட்டி நிற்கும்வரை வேலை கிடையாது. அந்த இடைவெளியில் கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைக்கு மார் கொடுத்து அமர்த்திவிட்டு வரலாம். அதற்காகத்தான் முழு நாளையும் அப்படி அடுக்கி வைத்திருந்தேன்.

அந்த இடைவெளி எப்போது முடியும் என்பது உங்கள் கையில் இருந்தது. பால் எடுக்கச் சொல்லி, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பீர்கள். அப்போது மரத்தடியில் இல்லாதவளுக்கு அரை நாள் பேர்தான், பாதிக் கூலிதான். கோப்பெங் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய நாட்களில் சீக்கிரமே அடித்துவிடுவீர்கள். அன்றைக்கு மட்டும் அரைச் சிலுவாரை விட்டு, கணுக்கால்வரை மூடும் நீளச் சிலுவாரில் வருவீர்கள். பெரட்டில் நாங்கள் உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை, காலைத்தான் பார்த்தோம்.

"அக்கா, இன்னைக்கு நீளம்லா," என்பாள் பக்கத்து நிரைக்காரி. "மாப்பிள்ளை பொண்ணு பார்க்கப் போறாரு போல."

சிரிப்போம். பிறகு இன்னும் வேகமாக ஓடுவேன். கால்வாய்ப் பலகையைத் தாண்டும்போது மணி அடிக்கும். கொட்டகை கண்ணுக்குத் தெரியும், பிள்ளை அழுவது கேட்கும். திரும்பிவிடுவேன். ரவிக்கை நனைந்திருக்கும்.

ஒரு நாள் உங்களிடமே கேட்டேன். "அண்ணே, கொஞ்சம் பொறுத்து அடிச்சா என்ன? புள்ள பசியில கெடக்கு."

"புள்ள எங்க ஓடிடப் போகுது? மரத்தப் பாரு."

ஆயா நல்லவள். "டின் சூசுப் பால் கரைச்சுக் குடுத்துட்டேன், நீ போலா," என்பாள். பிள்ளை அதற்குப் பழகிவிட்டது.

மழையால் வெட்டு இல்லாத ஒரு நாள். அன்றைக்கு என்னிடம் எவ்வளவோ நேரம் இருந்தது. மகளை மடியில் போட்டு மாரில் வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். மறுபடியும் திருப்பிக்கொண்டாள். ரவிக்கையை மாட்டிக்கொண்டு துணி துவைக்கப் போனேன்.

தோட்டத்தை விற்றார்கள். நாம் எல்லோரும் ஈப்போவுக்கு வந்தோம். அவளும் வளர்ந்துவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறாள். நான் எதற்கும் அழவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமையும் பேசப் போகிறீர்களாம். வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் சொல்ல வேண்டாம். அதே மைக்கில், அதே பெண்கள் முன்னால் சொல்லுங்கள். நீளச் சிலுவார் போட்ட நாட்களில் மணியை ஏன் முந்தி அடித்தீர்கள்?