வேப்பமரத்தில் ஒரு பூட்ஸ்

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். நாற்றம் கிடக்கட்டும், பாதை அருமை. பதனிட்டு மிஞ்சிய மரப்பட்டைச் சக்கையைக் கொட்டி மெத்தையாக்கி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் வேப்பங்கிளையில் ஒற்றைச் செருப்புகள் தொங்குகின்றன. நடுவில் பளபளவென்று ஒரு பூட்ஸ்.

சக்கைக் கூடையோடு எதிரே வரும் பெண்ணிடம் கேட்கிறேன். "இது எந்தச் சாமிக்கு வேண்டுதலம்மா?"

"சாமியாவது ஒண்ணாவது. கீழ பாருங்க, பள்ளம். விழுந்தவங்க செருப்ப மேல கட்டிடுவோம். இருட்டுல வர்றவங்க மூஞ்சில பட்டா ஒதுங்கிப் போவாங்க."

"சக்கை போட்டு மூடலாமே?"

"மத்ததெல்லாம் அப்படித்தான் மூடுனோம். இதுல சாக்கடை ஓடுது, சக்கை நிக்காது. கல்லு போடணும். யூனியன் போர்டு மெம்பர்கிட்ட கேட்டுக் கேட்டு பேஜாராப் போச்சு."

"பூட்ஸ் யாருது?"

"அவருதுதான். போன வாரம் விழுந்தாரு. அதுலருந்து தினம் ஆள் அனுப்புறாரு."

"கல்லு போடவா?"

"இல்ல, பூட்ஸ இறக்க."

செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுகிறேன். எனக்கும் ஊரில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது.